வேறாள் சான்று

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் என்று நிரூபிக்க ஒரு மனிதர் எவ்வளவு படித்திருக்க வேண்டும் என்பது சேக் முகைதீனுக்கு அந்த ஜூன் மாதத்துக்கு முன்னால் தெரியாது.

ராஜபாளையம் பழைய பேருந்து நிலையத்துக்கு எதிரே, செருப்புக் கடைக்கும் ஜூஸ் கடைக்கும் நடுவில் அவர் கடை. கடை என்றால் ஒரு தையல் மெஷின், ஒரு ஸ்டூல், தலைக்கு மேலே கயிற்றில் தொங்கும் ஜிப்புகள், அவ்வளவுதான். பள்ளிப் பை, சூட்கேஸ், ஹேண்ட்பேக் என்று வாய் பிளந்த எதைக் கொண்டுவந்தாலும் மூடிக் கொடுத்துவிடுவார். ஊருக்குள் அவர் ஜிப் பாய். மனைவி சௌதா பேண்டேஜ் துணி மில்லுக்கு வேலைக்குப் போகிறாள். ஒரே மகள் இர்ஃபானா பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்து, இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்கு விண்ணப்பித்திருந்தாள்.

வீட்டில் யாருமே பட்டம் வாங்காத குடும்பத்துப் பிள்ளை என்றால் கல்லூரிக் கட்டணத்தில் சலுகை உண்டு. அதற்கு முதல் பட்டதாரி சான்று வேண்டும். "வெள்ளிக்கிழமைக்குள்ள ஏத்தணும் அத்தா" என்றாள் இர்ஃபானா. இதில் என்ன கஷ்டம் இருக்கப்போகிறது என்று நினைத்துத்தான் அவர் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினார். தங்கள் குடும்பத்தில் படிக்காதவர்களுக்குப் பஞ்சமே இல்லை என்று அவருக்கு நல்ல நம்பிக்கை இருந்தது.

இந்தச் சான்றையெல்லாம் இப்போது ஆள் விவர ஒருங்கிணைப்பு மையம்தான் தருகிறது. ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் இருந்தது அது. வாசலில் பெரிய பலகை: 'ஒரு பெயர், ஒரு ஆள், ஒரே பதிவு.' உள்ளே டோக்கன் கொடுக்கும் இடத்தில் கோதா என்ற பெண் அவருடைய பெயரையும் செல்போன் எண்ணையும் கேட்டுக் கணினியில் ஏற்றினாள். செத்த நேரம் கழித்து ஒருங்கிணைப்பு அலுவலர் விக்னேஷ்வரன் அவரைக் கூப்பிட்டு, திரையைப் பார்த்துவிட்டு, நாற்காலியைக் காட்டினார்.

"உக்காருங்க பாய். உங்க மகளுக்கு முதல் பட்டதாரி சான்று கொடுக்க வழியில்ல. நீங்களே மூணு பட்டதாரி."

சேக் முகைதீன் திரும்பிப் பின்னால் பார்த்தார். யாரும் இல்லை.

"நானா சார்?"

"எஸ். சேக் முகைதீன். பி.ஏ., பி.எல்., இங்க கோர்ட்டுல வக்கீல். அப்புறம் பி.வி.எஸ்சி., கால்நடை மருத்துவர், ஓய்வு, இருப்பிடம் மகாராஜபுரம். அப்புறம் எம்.ஏ., பி.எட்., தலைமையாசிரியர். இதுபோக ஜிப் ரிப்பேர்." விக்னேஷ்வரன் மரியாதையாக நிமிர்ந்தார். "ஓய்வு நேரத்துல செய்யிறீங்க போல."

"சார், நான் எட்டாவது. ஒம்பதாவது சேரப்போற நேரத்துல எங்க அத்தா மௌத்தாயிட்டாக. அதோட கடையில ஒக்காந்தவன்தான். அவிய எல்லாம் வேற ஆளுக."

"அதை நீங்க சொல்லக் கூடாது. பேரு ஒண்ணு, இனிஷியல் ஒண்ணு, மாவட்டம் ஒண்ணு."

"எங்க அத்தா பேரு சுலைமான். அவியளுக்கு அத்தா பேரு வேறயா இருக்கும்லா."

"இருக்கு. சாகுல், சிக்கந்தர், சதக்குன்னு கிடக்கு. அதெல்லாம் துணை விவரம். துணை விவரத்துல முரண்பாடு வந்தா மூல விவரத்தை எடுத்துக்கணும்னு விதி. மூல விவரம்னா பேரு." குரலைத் தணித்துக்கொண்டு, நெருங்கிய உறவினரிடம் பேசுவதுபோல் தொடர்ந்தார். "முன்னால இந்த மாவட்டத்துல என்ன நிலைமைன்னு உங்களுக்குத் தெரியாது பாய். ஒரே பேருல நூறு பேரு, இருநூறு பேரு. ஒரு ஒழுங்கு கிடையாது. இந்த ஊரையே எடுத்துக்கோங்க. தெருவுக்குத் தெரு ஆண்டாள். எல்லாரையும் ஒண்ணாக்கினோம். இப்ப ஊர்ல மொத்தமே ரெண்டு ஆண்டாள்தான். அதுல ஒருத்தங்க கோவில்ல இருக்காங்க, அவங்க எங்க வரம்புல வர மாட்டாங்க. ஆள் குறைப்புல மாநிலத்துலயே நாமதான் முன்னால நிக்கிறோம்."

சேக் முகைதீன், "நான் படிக்கலைங்கிறதுக்கு என்ன சார் கொண்டாரணும்?" என்று கேட்டார்.

"ஆதாரம்" என்றார் விக்னேஷ்வரன்.

அடுத்த நாள் கடையைத் திறக்காமல், தான் படித்த பள்ளிக்கூடத்துக்குப் போனார். தலைமையாசிரியை பங்கஜவல்லி அவர் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"படிச்சதுக்குத்தான் பாய் நாங்க சர்டிபிகேட் கொடுக்க முடியும். படிக்காததுக்கும் கொடுக்கணும்னா ஊர்ல பாதிப் பேரு வந்து நிப்பாங்க. நாங்க தாங்குவோமா?"

இருந்தாலும் நல்ல மனுஷி. பழைய பதிவேடுகளைத் தேடச் சொல்லி, மாற்றுச் சான்றிதழின் நகலை எடுத்துக் கொடுத்தார். எட்டாம் வகுப்புக்குப் பிறகு பள்ளியை விட்டு நின்றதாக அதில் தெளிவாக இருந்தது. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அன்றைக்கே மறுபடி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனார்.

விக்னேஷ்வரன் வரி வரியாகப் படித்தார். "எட்டாம் வகுப்பில் தேர்ச்சி. மேல் வகுப்பில் சேரத் தகுதியுடையவர்னு போட்டிருக்கு."

"ஆமா சார்."

"தகுதி இருந்தவரு சேர்ந்திருப்பீங்கதானே? எட்டாவது பாஸ் பண்ணாம யாரும் பி.எல். படிக்க முடியாது பாய். இது உங்களுக்கு எதிரான ஆதாரம்." நகலைத் திருப்பிக் கொடுக்காமல் கோப்பில் சேர்த்துக்கொண்டார். "ஒரே ஒரு வழிதான் இருக்கு. வேறாள் சான்று. அந்தப் பேருல இருக்கிற எல்லாரும் ஒண்ணா நேர்ல வரணும். வந்து, நான் அவர் இல்லை, அவர் நான் இல்லைன்னு ஒருத்தரை ஒருத்தர் மறுக்கணும்."

"அவியள நான் எங்க சார் போய்த் தேடுவேன்?"

"உங்களை நீங்கதான் தேடணும்" என்றார் விக்னேஷ்வரன். கிண்டலாகச் சொல்லவில்லை.

தேட வேண்டிய வேலை இல்லாமல் போனது. கோதா முதல் நாள் ஏற்றிய செல்போன் எண் நான்கு பேருடைய பதிவிலும் ஏறிவிட்டிருந்தது; யார் எந்த சேக் முகைதீனைத் தேடினாலும் அந்த எண்தான் கிடைத்தது. அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போதே போன் வந்தது. வத்திராயிருப்புப் பக்கம் ஒரு பொம்பளையாள்.

"டாக்டர் சார், பசுவுக்கு வயிறு உப்பிக் கெடக்கு. எந்திரிக்க மாட்டேங்குது."

"நான் டாக்டர் இல்லம்மா. ஜிப்பு தைக்கிறவன்."

"தையல் போடுற அளவுக்கு ஒண்ணுமில்ல சார். மருந்து சொன்னாப் போதும்."

அந்தம்மாளிடமே விசாரித்து உண்மையான டாக்டரின் வீட்டுக்கு வழி கேட்டுக்கொண்டார். பிறகு ஒரு ஆள் கூப்பிட்டு, வாய்தாவுக்கு ஏன் வரவில்லை, வாரேன் வாரேன் என்று சொல்லி என் நிலத்தைப் பறிகொடுக்க வைத்துவிட்டீரே என்று நல்ல வார்த்தை கெட்ட வார்த்தை எல்லாம் சொல்லித் திட்டினான். கடைசிவரைக்கும் கேட்டுவிட்டு, வக்கீலின் அலுவலகம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று அவனிடமே கேட்டார். அதற்கும் தனியாகத் திட்டு விழுந்தது.

காலையில் மகாராஜபுரம் போனார். மாட்டு டாக்டர் சேக் முகைதீன் வயசானவர், ஒல்லி, காது கொஞ்சம் மந்தம். விஷயத்தைச் சொன்னதும் அவருடைய முகத்தில் ஒரு நிம்மதி வந்தது.

"அப்ப எனக்கு மட்டும் இல்லையா இது? தம்பி, எனக்குப் பென்சனை நிறுத்திப்புட்டான். போன வருசம் யாரோ ஹெட்மாஸ்டர் சேக் முகைதீன் இறந்துட்டாராம். அதனால நான் செத்துட்டேனாம். உயிரோட இருக்கேன்னு சான்று கொடுத்தேன். இறந்த ஒருத்தர் எப்படி உயிர்ச் சான்று கொடுக்கலாம்னு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்திருக்கு."

இரண்டு பேரும் சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போனார்கள். வக்கீல் சேக் முகைதீன் கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு மரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தார். பேசத் தெரிந்தவர், கோபமும் தெரிந்தவர். ஓய்வு பெற்ற மாட்டு டாக்டர்களையும் அழைத்திருந்த கோமாரித் தடுப்பூசி முகாமுக்கு வராததற்காக அவருக்கு மெமோ வந்திருந்தது. "நான் பதில் எழுதினேன் பாய், நான் வக்கீல்னு. அதுக்கு, வக்கீல் தொழிலைக் காரணம் காட்டி மாடுகளைப் புறக்கணிக்கக் கூடாதுன்னு ரெண்டாவது மெமோ." டீக் கிளாசை வைத்துவிட்டு எழுந்தார். "வாங்க, போவோம்."

மையத்தின் வாசலில் காவலாளி குருசாமி மறித்தார். "பேருக்கு ஒரு டோக்கன்தான். சேக் முகைதீனுக்குக் கொடுத்தாச்சு."

"நாங்க மூணு பேரு" என்றார் வக்கீல்.

"அது எனக்குத் தெரியுது சார். மெஷினுக்குத் தெரியலையே."

கடைசியில் ஒரே டோக்கனை மூன்று பேரும் ஆளுக்கொரு மூலையாகப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். விக்னேஷ்வரன் எழுந்து நின்று வரவேற்றார். மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்து உண்மையிலேயே சந்தோஷப்பட்டார்.

"நாலாவது ஆள் எங்க?"

"ஹெட்மாஸ்டரா? அவரு போன வருசம் ஐப்பசியில இறந்துட்டாரு" என்றார் வக்கீல்.

"அவரு வராம எப்படி? எல்லாரும் நேர்ல வந்து மறுக்கணும்னு விதியில இருக்கு. ஒருத்தர் மறுக்கலைன்னா ஒத்துக்கிட்டதா அர்த்தம்."

மாட்டு டாக்டர் காதில் கையை வைத்துக்கொண்டு, "என்ன சொல்லுதாரு?" என்று கேட்டார்.

"ஹெட்மாஸ்டரைக் கூட்டியாரச் சொல்லுதாரு" என்றார் ஜிப் பாய்.

வக்கீலுக்குப் பொறுமை போய்விட்டது. "சார், உங்க கண்ணு முன்னால மூணு பேரு நிக்கிறோம். மூணு மூஞ்சி, மூணு வயசு. பாத்தா தெரியலையா?"

விக்னேஷ்வரன் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "தெரியுது சார். எனக்கும் கண்ணு இருக்கு. ஆனா கண்ணால பாத்து முடிவு பண்றதா இருந்தா இப்படி ஒரு மையமே எதுக்கு? என் கண்ணுக்கு மூணு பேரு. ரெக்கார்டுக்கு ஒருத்தரு. எனக்குச் சம்பளம் கண்ணுக்கா கொடுக்கிறாங்க?"

ஜிப் பாயின் முகத்தைப் பார்த்து விக்னேஷ்வரனுக்கே இரக்கம் வந்துவிட்டது போலிருக்கிறது. நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"மகள் படிப்பு கெடக் கூடாது. நான் ஒண்ணு சொல்றேன். தந்தையை இழந்த மாணவின்னு தனிச் சலுகை இருக்கு. அதுல பட்டமெல்லாம் பாக்க மாட்டாங்க. நீங்கதான் ஏற்கெனவே இறந்திருக்கீங்களே, பதிவு சுத்தமா இருக்கு. விண்ணப்பம் கொடுத்தா உடனே கிடைக்கும். ஆனா நீங்க கையெழுத்துப் போடக் கூடாது. நாளைக்கு வீட்டம்மாவை வரச் சொல்லுங்க."

அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது அதைச் சொல்ல ஆரம்பித்தார். பாதிதான் சொன்னார், மீதியை இர்ஃபானா புரிந்துகொண்டாள்.

"எனக்கு இன்ஜினியரிங்கே வேண்டாம் அத்தா. இங்கனயே ஏதாவது காலேஜ்ல சேந்துக்கிடுதேன்."

"நீ சும்மா இரு. ஒரு தாளுல செத்தா நான் என்ன நிசமாவா சாவுதேன்?"

சௌதா தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "நாளைக்கு மில்லுக்கு லீவு சொல்லணும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை. வக்கீல் கோர்ட்டிலிருந்து வந்து வராந்தாவில் சேர்ந்துகொண்டார். சௌதாவை முன்னால் உட்கார வைத்து, பக்கத்து நாற்காலியில் சேக் முகைதீன் உட்கார்ந்தார். விக்னேஷ்வரன் பேனாவைத் திறந்தார்.

"கணவர் இறந்த தேதி?"

சௌதா பக்கத்தில் திரும்பினாள். "என்னைக்குங்க?"

"போன வருசம் ஐப்பசின்னு சொன்னாரு" என்றார் சேக் முகைதீன்.

"எப்படி இறந்தார்? நோயா, விபத்தா?"

சௌதா இந்தத் தடவை திரும்பவில்லை. மேசையின் மேல் இருந்த கணவரின் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஆம்பளையாளப் பக்கத்துல ஒக்கார வச்சுக்கிட்டு எப்படிச் செத்தாகன்னு கேக்குதீய. நானும் பதில் சொல்ல வந்து ஒக்காந்திருக்கேன். வெக்கமா இருக்கு சார்." பிறகு நிமிர்ந்தாள். "ஒங்க பேரு என்ன?"

"விக்னேஷ்வரன். ஏன்மா?"

"அந்தப் பேருல வேற யாரும் இந்த ஜில்லாவுல கெடையாதா?"

"இருப்பாங்க. எல்லாருக்கும் ஒரே விதிதான், அதுல சந்தேகமே வேண்டாம்." அதை மெய்ப்பிக்கிற உற்சாகத்தோடு தன் பெயரைத் தட்டினார். மையம் திறந்த நாள் முதல் அவர் ஊரார் பெயரையெல்லாம் தட்டியிருக்கிறார், தன் பெயரைத் தட்டியதில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. திரையில் வரிசையாக வந்தது. பால் பூத் வைத்திருப்பவர். பள்ளி வேன் ஓட்டுநர். மனைவியைத் தவிக்க விட்டு ஓடியதாக வழக்கு உள்ளவர். போலி விதை விற்று, பிடிவாரண்ட் நிலுவையில் உள்ளவர்.

பின்னால் வந்து நின்ற கோதா மெதுவாகச் சொன்னாள். "சார், உங்களுக்கு ரெண்டு சம்சாரம்னு காட்டுது."

விக்னேஷ்வரன் மௌஸை நகர்த்தி, திரையின் ஓரத்தில் ஒரு இடத்தைத் தொட்டார். அங்கே 'பிரி' என்று ஒரு பொத்தான் இருந்தது. அமுக்கினார். பால் பூத்காரரும் வேன் ஓட்டுநரும் இரண்டு வழக்குகளும் தனித்தனியாகக் கழன்று போனார்கள். ஒருங்கிணைப்பு அலுவலர் மட்டும், ஒரே ஒரு சம்சாரத்தோடு, திரையில் மிச்சம் நின்றார். ஒரு தும்மலுக்கு ஆகிற நேரம்தான் ஆயிற்று.

"அது என்ன சார்?" என்று கேட்டார் சேக் முகைதீன்.

"பணியாளர் வசதி. மையத்துல வேலை பாக்குறவங்களுக்கு மட்டும். எங்க பேருல களங்கம் வந்தா மையத்து மேல மக்களுக்கு நம்பிக்கை போயிரும் பாருங்க. பொதுமக்களுக்கும் கொடுக்கலாம்னு கருத்துரு மேலே போயிருக்கு."

"எம்புட்டு நாளா இருக்கு அந்தப் பொத்தான்?"

"ஆரம்பத்துல இருந்தே."

பள்ளிக்கூடத்துக்கும் மகாராஜபுரத்துக்கும் கோர்ட்டுக்கும் அலைந்ததெல்லாம் அவருக்கு ஒரு சுற்று வந்து போனது. யாரோ முகம் தெரியாத ஆளிடம் வாங்கிய திட்டு, நேற்று ராத்திரி மகள் சாப்பிடாமல் எழுந்தது. எழுந்து மேசையைப் புரட்டிவிட வேண்டும் என்று கை பரபரத்தது. ஆனால் அந்த மேசையின் மேல்தான் மகளின் கோப்பு இருந்தது. கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.

ஜன்னல் வழியே திரையைப் பார்த்துக்கொண்டிருந்த வக்கீல் வராந்தாவிலிருந்து உள்ளே வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"சார், போலி விதைக் கேசுல தேடிக்கிட்டிருக்கிற விக்னேஷ்வரன் இந்த மாடியில இருக்காருன்னு இப்பவே ஒரு மனு போடப் போறேன். பேரு ஒண்ணு, இனிஷியல் ஒண்ணு, மாவட்டம் ஒண்ணு. அப்பா பேரு வேறன்னு நீங்க சொல்வீங்க. அது துணை விவரம்."

விக்னேஷ்வரன் ஒரு விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். எந்தப் பக்கத்தையும் படித்ததாகத் தெரியவில்லை.

"பரிவு அடிப்படையில் சிறப்பு நேர்வாகக் கருதலாம்னு ஒரு விதி இருக்கு" என்றார். "அது நினைவுக்கு வர இம்புட்டு நேரம் ஆயிருச்சு."

பொத்தானை அமுக்கினார். ஹெட்மாஸ்டர் தனியாக இறந்தார். மாட்டு டாக்டருக்கு உயிர் வந்தது. வக்கீலிடமிருந்து மாடுகள் விலகின. பிரிண்டர் முனகி, ஒரு தாளைத் தள்ளியது. மையத்தின் சாதனைப் பக்கத்தில் போடுவதற்கென்று சேக் முகைதீனையும் சௌதாவையும் தாளைப் பிடித்தபடி நிற்க வைத்து, கோதா படம் எடுத்தாள். "கொஞ்சம் சிரிங்க பாய், குறை தீர்ந்த ஆளு மாதிரி இல்லையே" என்றார் விக்னேஷ்வரன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதைப் படித்தார். தந்தையின் பெயர், எஸ். சேக் முகைதீன். கல்வித் தகுதி, எட்டாம் வகுப்பு. பட்டம், இல்லை. பட்டயம், இல்லை. பிற தகுதிகள், இல்லை. அரசாங்க முத்திரையோடு, இல்லை இல்லை இல்லை என்று கீழே கீழே இறங்கியது. இந்தத் தாளுக்காகத்தான் அம்புட்டுப் பேர் காலில் விழாத குறையாக நடந்தார். ஒன்பதாம் வகுப்புக்கு வாங்கிய கணக்குப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, கடைக்காரர் அட்டையில் எழுதியிருந்த பெயரைக் காட்டி எடுத்துக்கொள்ள முடியாது என்று சொன்னது எதற்கோ நினைவுக்கு வந்தது.

"என்ன?" என்றாள் சௌதா.

"ஒண்ணுமில்ல. சரியாத்தான் போட்டிருக்கான்."

வீட்டில் இர்ஃபானா போனை வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தாள். சான்று ஏறியது. அதன் பிறகு இன்னும் ஒரு கட்டம் திறந்தது.

"தந்தையின் தொழில்னு கேக்குது அத்தா. அரசு ஊழியர், தனியார் ஊழியர், விவசாயி, தொழிலதிபர். இம்புட்டுத்தான் இருக்கு. கடைசியில மற்றவைன்னு ஒண்ணு."

"மற்றவைன்னு போடு."

இர்ஃபானாவின் விரல் தயங்கியது. "மற்றவைன்னா அதுல யாரு யாரெல்லாம் வருவாங்க?"

சேக் முகைதீன் கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"அதை நீ கேக்காத. அமுக்கு."